இடது தோள் அரை இன்ச் இறக்கம்

ஜப்பான் பேய்ப்படம் பார்க்க எங்களுக்கு வாய்த்த நேரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சோறு தின்று, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு உட்கார்ந்தால் மணி இரண்டாகிவிடும். திருப்புட்குழியில் மாமியார் வீட்டில் இருக்கும் மகள் அவள் போனில் படத்தை வைப்பாள். திருப்புலிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் நான் என் போனில் வைப்பேன். அவள் ‘ஸ்டார்ட்’ என்று மெசேஜ் அனுப்பியதும் இருவரும் ஒரே நேரத்தில் அழுத்துவோம். படம் தொடங்குகிற சத்தம் கேட்டாலே என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குக் கிளம்பிவிடுவார். கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்கப் போகிறாராம். தலைக்கு மேல் ஃபேன் ஓடும்போது கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்கப் போகிற ஒரே மனுஷர் இவர்தான்.

மகள் என்று சுலபமாக எழுதிவிட்டேன். அவள் என் வீட்டுக்காரரின் முதல் சம்சாரத்துக்குப் பிறந்தவள். அந்த அம்மா காமாலையில் போய்ச் சேர்ந்த இரண்டாம் வருஷம், புள்ளலூரிலிருந்து நான் ஒரு தையல் மெஷினோடு இந்த வீட்டுக்கு வந்தேன். அப்போது பெண்ணுக்கு ஒன்பது வயது. என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். இன்றைக்கும் அப்படித்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

டிப்ளமா முடித்ததும் அவளுக்கு ஒரகடத்தில் ஒரு ஜப்பான்காரர் கம்பெனியில் வேலை கிடைத்தது. விடிவதற்குள் ரோட்டு முனையில் நின்று கம்பெனி பஸ் பிடிப்பாள். அங்கே கூட வேலை பார்த்த பெண்கள் யாரோதான் இந்தப் படங்களைப் பழக்கியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரில் சாய்ந்துகொண்டு, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, தனியாகப் பார்ப்பாள். நான் மெஷினில் உட்கார்ந்தபடி அவள் முகத்தைப் பார்ப்பேன். சிரிக்கவும் மாட்டாள், பயப்படவும் மாட்டாள், கண்ணை மட்டும் இமைக்க மாட்டாள். ஒருநாள் பொறுக்காமல் அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். அவள் ஒரு காதிலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினாள். பல வருஷங்களில் அவளாக எனக்கு ஒன்றை நீட்டியது அதுதான் முதல் தடவை. தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

எனக்குப் பேய் என்றால் நம்ம ஊர்ப் பேய்தான் தெரியும். நம்ம பேய்கள் வாய்க்காரிகள். வந்ததும் தலையைச் சுற்றும், கத்தும், எந்த ஊர் எந்தப் புளியமரம் என்று விலாசம் சொல்லும், கோழி கேட்கும், சுருட்டு கேட்கும், பூ கேட்கும். கொடுத்தால் போய்விடும். கொஞ்சம் பேரம்கூடப் பேசலாம். ஜப்பான் பேய் எதையும் கேட்பதில்லை. அங்கே ஒரு பெண் சமையலறையில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பின்னால் நடை, நடையின் கடைசியில் ஒரு கதவு, கதவு ஒரு சாண் திறந்திருக்கும். அவ்வளவுதான். பாட்டு கிடையாது, மத்தளம் கிடையாது. பத்து நிமிஷம் கழித்து அந்தச் சந்தில் யாரோ நிற்பார்கள். அதையும் படம் நமக்குச் சுட்டிக்காட்டாது. நாமாகப் பார்த்தால்தான் உண்டு. முதல் படத்தில் கீழே ஓடுகிற இங்கிலீஷை அவள் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டேன். யாரும் பேசாத படத்துக்கு அர்த்தம் எதற்கு?

அன்றைக்கு எனக்கு முதுகு சில்லிட்டது பேயைப் பார்த்து அல்ல. அந்த வீட்டை எனக்கு ஏற்கெனவே தெரியும். நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீடே அதுதான்.

நான் வந்த புதிதில் இந்த வீட்டில் சத்தமே இருக்காது. வீட்டுக்காரர் இயல்பிலேயே நாலு வார்த்தை ஆசாமி. பெண் அதற்கும் மேல். நான் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும்போது கழுத்தின் பின்னால் ஏதோ ஊறுகிற மாதிரி இருக்கும். திரும்பினால் உள் அறை வாசலில் அவள் நிற்பாள். தலை பின்னாமல், ஒரு கை நிலையைப் பிடித்தபடி, என்னையே பார்த்துக்கொண்டு. என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டுவாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால் அங்கேயே நிற்பாள். உள் அறையில் அவளுடைய அம்மாவின் பீரோ. அதற்கு மேல் மாலை போட்ட போட்டோ. யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாராவது திட்டினால் நானும் நாலு திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எனக்கு வாய் ரொம்ப நீளம். அது இந்த வீட்டில் வேலைக்கு ஆகவில்லை.

அந்த முதல் பொங்கலுக்குத்தான் அந்தத் தப்பைச் செய்தேன். பெண்ணுக்குப் பட்டுப் பாவாடை தைத்துக் கொடுத்தால் கொஞ்சம் ஒட்டுவாள் என்று நினைத்தேன். பீரோவில் அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவை, ஓரம் லேசாக மங்கி, மடித்தபடி கிடந்தது. எடுக்கட்டுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். சும்மாதான கீது, எடுத்துக்க என்றார். தான் தாலி கட்டியபோது எதிரே இருந்த புடவை என்ன நிறம் என்று நினைவு வைத்திருக்கிற ஆம்பளை இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது. தையல்காரிக்குத் துணியைக் கண்டால் கை சும்மா இருக்குமா? விரித்தேன், அளந்தேன், வெட்டினேன். பாவாடை நன்றாகவே வந்தது. பொங்கல் அன்று காலையில் உடுத்திக்கொண்டு வாசலில் நின்றாள். பக்கத்துத் தெருவில் இருக்கும் என் நாத்தனார் கரும்போடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“இது எங்க அண்ணியோட கூறப்பொடவையாச்சே” என்றாள்.

பெண் அழவில்லை. உள்ளே போய்ப் பாவாடையைக் கழற்றி, நாலாக மடித்து, பீரோவில் புடவை இருந்த அதே இடத்தில் வைத்தாள். பழைய கவுனைப் போட்டுக்கொண்டு வந்து பொங்கல் தின்றாள். அவள் அழுதிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று அன்றைக்குத் தள்ளிப்போட்டேன். பத்து வயதில் கேட்கவில்லை, பதினைந்தில் கேட்கவில்லை. அப்புறம் அது கேட்கவே முடியாத விஷயமாகிவிட்டது. நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. பாவாடை மட்டும் பீரோவில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகச் செத்த பெண்ணை வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவோம். பூவாடைக்காரி என்று பேர். வருஷத்துக்கு ஒருமுறை புதுப்புடவை, ஜாக்கெட் துணி, மஞ்சள், வளையல், பூ எல்லாம் வைத்துப் படைப்போம். எல்லா வீட்டிலும் ஜாக்கெட் துணியைத் துணியாகவேதான் வைப்பார்கள். அந்தப் பொங்கலுக்குப் பிறகு வந்த படையலிலிருந்து நான் மட்டும் தைத்து வைத்தேன். எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி பெண்ணின் அம்மாதான். பீரோவில் அவளுடைய அளவு ஜாக்கெட் ஒன்று இருந்தது. அதை மடியில் பரப்பி டேப்பை வைத்துப் பார்த்தால் ஆளே தெரிந்துவிடும். மார்பு முப்பத்திரண்டு. கை குச்சி. இடது தோள் வலதைவிட அரை இன்ச் இறக்கம். இடுப்பில் குடம் சுமந்த பழக்கமோ, பிறவியிலேயே அப்படியோ, தெரியாது. போட்டோவில் கழுத்துவரைதான் இருக்கிறாள். அதனால் அந்தத் தோள் எனக்கு மட்டும் தெரிந்த சங்கதியாக இருந்தது.

ஒவ்வொரு வருஷமும் அந்த அரை இன்ச்சை மறக்காமல் இறக்கித் தைப்பேன். வந்து வாங்கிக்கொள்ளவே போகாத ஒருத்திக்குக் கொக்கி வைத்து, காஜா எடுத்து, இஸ்திரி போட்டு. தைக்கும்போது மனசுக்குள் அவளிடம் பேசுவேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்வேன். பதில் வராது. அவளும் ஜப்பான் பேய் மாதிரிதான். தைத்த ஜாக்கெட்டுகள் யாருக்கும் சேராமல் பீரோவில் அடுக்கடுக்காக இருந்தன. பெண்ணுக்குப் பதினெட்டு ஆனபோது அவை அவளுக்குச் சேர்ந்தன. அவளுக்கு இரண்டு தோளும் சமம். இடது தோளை அடிக்கடி சரி செய்துகொண்டே நடப்பாள். பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்பாள்.

போன வருஷம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நல்ல இடம், நல்ல பையன். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் பயம். காரணம் இதுதான். கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடுவதற்கு முன்னால் பூவாடைக்காரியை ஏரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். சும்மா படைத்தால் போதாது. ஏரிக்கரையில் குடம் வைத்து, பம்பைக்காரர் வர்ணித்துப் பாட, அவள் யார் மேலாவது இறங்கி, கல்யாணத்தை நடத்துங்கள் என்று வாக்குச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் குடத்தில் தண்ணீர் மொண்டு அவளை வீட்டுக்குக் கூட்டிவருவோம். படையல் மாதிரி இது மௌனமாக முடிகிற காரியம் இல்லை. இத்தனை வருஷமாகப் பேசாதவள் அன்றைக்கு ஊர் முன்னால் பேசுவாள்.

அவள் இறங்குவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்த ஆள் என் நாத்தனார். அம்மன் திருவிழாவில் முதல் உடுக்கை அடிக்கே ஆடிவிடுகிற உடம்பு அது. பத்திரிகை வைக்கப் போனபோது, எங்க அண்ணி வந்து கேக்கவேண்டியத கேப்பாங்க என்று சாதாரணமாகச் சொன்னாள். அவள் கொடுத்த காப்பியை அப்படியே கீழே வைத்துவிட்டேன். கூறைப்புடவையை ஊர் முன்னால் கேட்டால் நான் என்ன சொல்வேன்? அதைவிட, பெண் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பார்த்த படத்தில், தலைமுடி ஈரமாக முகத்தை மூடிய ஒருத்தி தண்ணீர் ஓரமாக நின்றாள். எல்லாரும் அவளைவிட்டு ஓடினார்கள். நாமோ பம்பை வைத்து அழைக்கப் போகிறோம் என்று பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

அந்த நாள் காலை ஒன்பது மணிக்கு ஏரிக்கரையில் கூடினோம். தண்ணீர் நிறைய இருந்தது. பங்காளிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று ஒரு நாற்பது பேர். மஞ்சள் பூசிய குடம், அதன் மேல் வேப்பிலை, பக்கத்தில் புதுப்புடவையும் நான் தைத்த ஜாக்கெட்டும். பம்பைக்காரர் நல்ல குரல்காரர். அவள் பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, பெற்றது, போனது எல்லாவற்றையும் பாட்டாகக் கட்டி அழைத்தார். பெண்கள் அழுதார்கள். நாத்தனார் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். லேசாக அசைந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அசைவு நின்றுவிட்டது.

பம்பைக்காரர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒன்றும் வரவில்லை. மூன்றாவது தடவை. வெயில் ஏறிவிட்டது. நாத்தனார் கண்ணைத் திறந்து, எனக்கு வர்ல என்று அழாத குறையாகச் சொன்னாள். நேற்றிலிருந்து பிரஷர் மாத்திரை மாற்றியிருக்கிறார்கள் என்று அவள் மகன் காரணம் சொன்னான். அதை யாரும் காதில் வாங்கவில்லை. பின்னால் முணுமுணுப்பு தொடங்கியது. அவளுக்கு மனசில்லை, இந்தக் கல்யாணத்தில் அவளுக்கு ஏதோ குறை இருக்கிறது என்று. சிலர் என்னைப் பார்த்தார்கள். பம்பை நின்றது.

நான் பெண்ணைப் பார்த்தேன். குடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அழவில்லை, யாரையும் கேட்கவில்லை. ஒரு கையால் வேப்பமரத்துக் கிளையைப் பிடித்தபடி, ஒன்பது வயதில் உள் அறை வாசலில் நின்ற அதே மாதிரி நின்றாள். அவள் அம்மா பேசிவிடுவாளோ என்று இத்தனை நாள் நடுங்கியவள் நான். அவள் வராமலே இருந்துவிட்டால் இந்தப் பிள்ளை என்ன ஆகும் என்று ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. தாயே மனசார அனுப்பவில்லை என்ற பேச்சோடு ஒரு பெண் எப்படி மாமியார் வீட்டுக்குப் போவாள்?

அப்புறம் நான் செய்தது சரியா தப்பா என்று இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை. கொண்டையை அவிழ்த்தேன். எனக்கு இருக்கிற ஒரே பெருமை முடிதான், இடுப்புக்குக் கீழே வரும். அதை முழுக்க முகத்துக்கு முன்னால் விட்டேன். இரண்டு எட்டு வைத்துக் குடத்துக்கு எதிரே போனேன். ஆடத் தெரிந்தால் ஆடியிருப்பேன். எனக்குத் தெரிந்தது ஜப்பான்காரிதான். சும்மா நின்றேன். கைகளைத் தொங்கவிட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, இடது தோளை அரை இன்ச் இறக்கி.

நாற்பது பேர் இருந்த இடத்தில் தண்ணீர் கரையில் மோதுகிற சத்தம் கேட்டது. நம்ம ஜனங்கள் ஆடுகிற சாமிக்குப் பயப்பட மாட்டார்கள். அசையாமல் நிற்கிற ஒன்றை அவர்கள் பார்த்ததே இல்லை. முடிச்சந்து வழியாகத் தெரிந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் தாமாகவே பின்னால் நகர்ந்தார்கள். நாத்தனார் என் தோளையே பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, “எங்க அண்ணி நிக்கிறா மாதிரியே கீது” என்று தேம்ப ஆரம்பித்தாள். எனக்கே உடம்பு சிலிர்த்தது. பொய் சொல்லப் போனவளுக்கு அந்தச் சிலிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

யார் வந்திருப்பது என்று பம்பைக்காரர் கேட்டார். நான் மனசுக்குள் இரண்டு வரி தயார் செய்து வைத்திருந்தேன். அதை மட்டும் அடித்தொண்டையில் சொன்னேன். “பொண்ணு கல்யாணத்துக்கு வந்துகீறேன். நடத்துங்க.” அவ்வளவுதான், முடிந்தது, மயங்கி விழுந்துவிடலாம் என்று நினைத்தேன். அப்போது பெண் கிளையை விட்டுவிட்டு என் எதிரே வந்து நின்றாள்.

“யம்மா, ஒண்ணு சொல்லணும்” என்றாள்.

“உன் கூறப்பொடவைய சித்தி தெரியாம வெட்டிட்டாங்க. சித்தி மேல எனக்குக் கோவம் இல்ல. அது அப்பவே பூட்ச்சு. நீயும் வுட்டுடு.”

செத்தவளாக நிற்கிற நான் அதற்கு என்ன சொல்வது? விட்டுவிட்டேன் என்று அவள் சார்பில் சொல்ல எனக்கு என்ன உரிமை? எனக்கு நானே மன்னிப்புக் கொடுத்துக்கொள்கிற அளவுக்கு நான் கெட்டவள் இல்லை. அதனால் ஒன்றும் சொல்லவில்லை. முடிக்குள் கண்ணீரும் மூக்கும் ஒழுகின. துடைக்க முடியாது, பேய் மூக்கைத் துடைத்தால் எப்படி இருக்கும்? நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கால் தானாகவே மடிந்தது. என் வீட்டுக்காரர் ஓடிவந்து தாங்கிக்கொண்டார். அவருக்கும் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. பம்பை முழங்கியது, குடத்தில் தண்ணீர் மொண்டார்கள், பெண்ணே அதைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். படையல் முன்னால் போட்டோவைப் பார்த்து, உன் பேரில் பொய் சொல்லிவிட்டேன், கோபம் இருந்தால் என் மேல் வைத்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. முதல் தடவையாக அந்த ஒன்றும் நடக்காதது எனக்குப் பயமாக இல்லை.

அன்று சாயங்காலம் பந்தக்கால் நட்டு, வந்தவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நான் உள் அறையில் பெண்ணின் முகூர்த்த ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு கையிலும் மருதாணியோடு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளாகவே சிரிக்க ஆரம்பித்தாள். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டேன்.

“நம்மூர்ப் பேய் எதுனா கோழி கேக்காம, சுருட்டு கேக்காம சும்மா நிக்குமா சித்தி? நைனா வேணா நம்புவாரு.”

நான்தான் என்று தெரிந்துமா அதைச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் மருதாணிக் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“உன் மூஞ்சியப் பாத்து சொல்ல முடியல சித்தி. எத்தினியோ வாட்டி சொல்லலாம்னு உன் பின்னால வந்து நின்னுகினு இருந்தேன். இன்னைக்கு முடி மூடிக்கினு இருந்துச்சு, சொல்லிட்டேன்.”

நான் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு அழுதேன். அத்தனை வருஷமாகச் செத்தவளிடமிருந்து வரும் என்று ஜாக்கெட் தைத்துக் காத்திருந்த பதிலை வைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளை எனக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறாள்.